கன்சோலுக்கு லேப்டாப் திரையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவு ஒன்பது மணி. கூடத்து டிவியில் அம்மா வசந்தம் தொடர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அறைக்குள் ஒரு பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) விளையாட்டுக் கன்சோல் சும்மா கிடக்கிறது, பக்கத்தில் நல்ல திரையுள்ள லேப்டாப். இரண்டையும் ஒரு வயரால் இணைத்துவிட்டால் என்ன? வாடகை அறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கூடத்து டிவியும் கிடையாது. சிங்கப்பூரில் எங்கள் புளோக்கில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன் என்று பெயர் வாங்கிவிட்டதால் இந்தக் கேள்வி மாதத்துக்கு இரண்டு முறையாவது என் வாட்ஸ்அப்புக்கு வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டி அனுப்பியதை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

லேப்டாப்பில் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதே அண்ணே, நேராகச் செருகினால் படம் வராதா?

வராது. முக்கால்வாசிப் பேர் ஏமாறுவது இங்கேதான். டிவியில் இருக்கும் துளையும் லேப்டாப்பில் இருக்கும் துளையும் பார்க்க அச்சாக ஒன்றுபோல இருக்கும். ஆனால் டிவியில் இருப்பது படம் உள்ளே வரும் வாசல், லேப்டாப்பில் இருப்பது படம் வெளியே போகும் வாசல். உங்கள் கன்சோலில் இருப்பதும் வெளியே போகும் வாசல்தான். இரண்டையும் இணைத்தால் இரண்டு பேரும் பேசுவார்கள், கேட்க ஆளிருக்காது.

தேக்காவில் சிராங்கூன் ரோடு ஒருவழிப் பாதை. எதிர்த்திசையில் போக வேண்டுமென்றால் ஜாலான் புசார் பக்கம் சுற்றித்தான் ஆக வேண்டும். இதுவும் அப்படித்தான். லேப்டாப்பின் திரை உள்ளேயே ஒரு மெல்லிய கேபிளால் மதர்போர்டோடு கட்டப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து வரும் படத்தை அந்தக் கேபிளுக்குத் திருப்பிவிடும் சில்லு எதுவும் உள்ளே கிடையாது. ஆகவே செட்டிங்ஸில் தேடுவது, டிரைவர் இறக்குவது, பயாஸைப் புரட்டுவது எல்லாம் வீண்வேலை. செருகிப் பார்த்துவிட்டேனே, ஏதாவது எரிந்திருக்குமா என்று பயப்படவும் வேண்டாம். சாதாரணமாக ஒன்றும் ஆகாது, படம் வராது, அவ்வளவுதான்.

டைப்-சி துளை வழியாக?

அதுவும் வெளியே போகும் வாசல்தான். டைப்-சி வழியாக மானிட்டருக்குப் படம் அனுப்பலாம், வாங்க முடியாது.

உள்ளே வாங்கும் லேப்டாப் உலகத்தில் ஒன்றுகூட இல்லையா?

இருந்தது. 2010களின் தொடக்கத்தில் ஏலியன்வேர் எம்17எக்ஸ், எம்18எக்ஸ் வரிசையில் சில மாடல்களில் எச்டிஎம்ஐ உள்வாசல் வைத்தார்கள். நான்கு ஐந்து கிலோ எடையுள்ள தடியன்கள். கன்சோலைச் செருகினால் லேப்டாப் வெறும் மானிட்டராக மாறிவிடும். பிறகு அந்த வழக்கம் மறைந்துவிட்டது. இன்று பழைய பொருள் சந்தையில் அதைத் தேடி அலைவது, வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

ஆப்பிள் ஆட்கள் உடனே ஐமேக்கைப் பற்றிக் கேட்பார்கள். 2009 இறுதி முதல் 2014 நடுவரை வந்த சில ஐமேக்குகளை மானிட்டராகப் பயன்படுத்த முடியும் என்பது உண்மை. ஆனால் 2011 முதல் வந்தவை தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பு வழியாக வரும் படத்தை மட்டுமே ஏற்கும், எந்தக் கன்சோலும் தண்டர்போல்ட் பேசாது. 2009, 2010 ஆண்டின் 27 அங்குல மாடல்களுக்கு மட்டும், எச்டிஎம்ஐயை மினி டிஸ்பிளேபோர்ட்டாக மாற்றும் பெட்டி ஒன்று வாங்கினால் வழி உண்டு. மேக்புக்கில் இந்த வசதி என்றைக்குமே இருந்ததில்லை.

அப்படியானால் வழிதான் என்ன?

இரண்டு சுற்றுவழிகள். ஒன்று, கேப்சர் கார்டு. கன்சோலிலிருந்து வரும் படத்தை அது வாங்கி, யுஎஸ்பி வழியாக லேப்டாப்புக்குள் அனுப்பும். லேப்டாப் அதை ஒரு வெப்கேமராவாக நினைத்துக்கொள்ளும். மற்றொன்று, ரிமோட் பிளே. கன்சோலே தன் படத்தை வீட்டு நெட்வொர்க் வழியாக லேப்டாப்புக்கு அனுப்பும், எந்த வயரும் வேண்டாம். முதலாவதுக்குக் காசு, இரண்டாவதுக்கு நல்ல வைஃபை. இரண்டிலும் தாமதம் என்ற வரி உண்டு. அதைக் கட்ட நீங்கள் தயாரா என்பதுதான் உண்மையான கேள்வி, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கேப்சர் கார்டு பதினைந்து வெள்ளிக்கும் (சிங்கப்பூர் டாலர்) கிடைக்கிறது, இருநூறு வெள்ளிக்கும் கிடைக்கிறது. என்ன வித்தியாசம்?

இதற்கு நான் சொந்தக் காசு கொடுத்துப் பாடம் படித்தேன். கட்டைவிரல் அளவுள்ள ஒரு டாங்கிள், மேலே '4கே, 60, யுஎஸ்பி 3.0' என்று கொட்டை எழுத்து. செருகும் முனைக்குள் நீல நிறப் பிளாஸ்டிக் வேறு. நீலம் என்றால் யுஎஸ்பி 3 என்று நம்பி வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளே இருப்பது யுஎஸ்பி 2 சில்லு. நீலம் வெறும் சாயம். '4கே' என்றது உள்ளே வாங்கும் படத்தின் அளவைத்தான். வெளியே தருவது அதில் கால்வாசிப் புள்ளிகளே உள்ள 1080பி, அதுவும் நொடிக்கு 30 படங்கள்.

இதில் மோசடி எது, இயற்பியல் எது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 1080பி படத்தில் 1920 பெருக்கல் 1080, அதாவது சுமார் 20 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு இரண்டு பைட் என்றால் ஒரு படத்துக்கு 4 மெகாபைட்டுக்குக் கொஞ்சம் மேலே. நொடிக்கு 60 படம் என்றால் கிட்டத்தட்ட 250 மெகாபைட், அதாவது 2 கிகாபிட். யுஎஸ்பி 2 ஏட்டளவில் தரக்கூடிய உச்சமே நொடிக்கு 480 மெகாபிட். யானையை ஊசிக் காதில் நுழைக்க முடியாதே. அதனால் மலிவு டாங்கிள் ஒவ்வொரு படத்தையும் ஜேபெக் படமாக நசுக்கி அனுப்புகிறது. நசுக்க நேரம், லேப்டாப் அதை மறுபடி விரிக்க நேரம். படமும் கொஞ்சம் மங்கும், சிவப்பு நிற ஓரங்கள் பிசிறடிக்கும்.

வாங்கியதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஓபிஎஸ் என்ற இலவச வீடியோ மென்பொருளில் அந்தக் கார்டின் அமைப்புக்குள் போய், வீடியோ ஃபார்மட்டை 'எம்ஜேபெக்' (நசுக்கியது) என்பதிலிருந்து 'ஒய்யுஒய்2'க்கு (நசுக்காதது) மாற்றுங்கள். 1080பி-யில் படம் நொடிக்கு ஐந்து என்று நொண்டினால் உள்ளே இருப்பது யுஎஸ்பி 2 சில்லு. அறுபதும் ஓடினால் உண்மையான யுஎஸ்பி 3.

அதற்காக இருநூறு வெள்ளி கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. எல்காட்டோ, ஏவர்மீடியா போன்ற பெரிய பெயர்களுக்கு நீங்கள் கொடுக்கும் காசில் பாதி நேரலை செய்பவர்களுக்கான வசதிகளுக்குப் போகிறது. அவற்றில் 'பாஸ்த்ரூ' என்று இன்னொரு எச்டிஎம்ஐ வாசல் இருக்கும். அதில் டிவியைச் செருகி, தாமதமில்லாமல் டிவியில் ஆடிக்கொண்டே லேப்டாப்பில் பதிவு செய்யலாம். உங்களிடம் டிவியே இல்லை என்பதுதான் பிரச்சினை என்றால் அந்த வாசல் எதற்கு? நடுத்தர விலையில், யுஎஸ்பி 3 சில்லு என்று உறுதியாகத் தெரிந்த ஒன்று போதும்.

எந்த மென்பொருளில் பார்ப்பது?

விண்டோஸில் எதையும் நிறுவாமல், உள்ளேயே இருக்கும் கேமரா செயலியைத் திறந்து கேமராவை மாற்றினாலே படம் வந்துவிடும். சோதித்துப் பார்க்க அது போதும். விளையாட ஓபிஎஸ் ஸ்டூடியோ நல்லது, இலவசம். 'வீடியோ கேப்சர் டிவைஸ்' ஒன்றைச் சேர்த்து, பஃபரிங் (படத்தைச் சேர்த்துவைத்துக் காட்டுவது) என்பதை 'டிசேபிள்' செய்துவிடுங்கள். பிறகு படத்தின் மேல் வலது சொடுக்கு, 'ஃபுல்ஸ்கிரீன் புரொஜெக்டர்'. மேக்கில் குயிக்டைம் பிளேயரில் 'நியூ மூவி ரெக்கார்டிங்' திறந்து கேமராவாகக் கார்டைத் தேர்ந்தெடுத்தால் ஆயிற்று. விஎல்சியில் பார்க்காதீர்கள். அது படத்தைச் சேர்த்துவைத்துக் காட்டும் பழக்கமுள்ளது, தாமதம் தாங்காது.

எதுவும் தெரியவில்லை, உங்கள் முகம்தான் தெரிகிறது என்றால் பயம் வேண்டாம், லேப்டாப்பின் சொந்தக் கேமரா தேர்வாகியிருக்கிறது. வெறும் இருட்டு என்றால் விண்டோஸ் பிரைவசி அமைப்பில் கேமராவுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டுவிட்டு ஆடுங்கள். பேட்டரி சேமிப்பில் இருந்தால் படம் விக்கும்.

தாமதம் தாமதம் என்று பயமுறுத்துகிறீர்களே, உண்மையில் எவ்வளவு?

என்ன ஆட்டம் என்பதைப் பொறுத்தது. நொடிக்கு 60 படம் ஓடும் ஆட்டத்தில் ஒரு படத்தின் ஆயுள் 16.7 மில்லிநொடி. டெக்கன் என்ற சண்டை ஆட்டத்தை ஆடுபவர்களுக்குத் தெரியும், அதில் மிக வேகமான குத்து பத்துப் படங்களில் வந்து விழும். மலிவு டாங்கிள் ஆறு படம் தாமதித்தால், எதிரி கையை ஓங்கியதை நீங்கள் பார்க்கும்போது பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. தடுக்க வாய்ப்பே இல்லை. தோற்றுவிட்டு கன்ட்ரோலரைத் திட்டுவீர்கள். சண்டை ஆட்டம், தாளத்துக்குத் தட்டும் ஆட்டம், ஆன்லைன் துப்பாக்கி ஆட்டம் மூன்றுக்கும் மலிவு கேப்சர் கார்டு வேண்டவே வேண்டாம். கால்பந்து ஆட்டத்தை ஆன்லைனில் இல்லாமல் வீட்டு ஆட்களோடு ஆடினால் பழகிக்கொள்ளலாம். கதை ஆட்டங்கள், முறை போட்டு ஆடுபவை, தோட்டம் போடும் ஆட்டங்கள் இவற்றில் அரை மணி நேரத்தில் தாமதமே மறந்துபோகும்.

உங்கள் கார்டு எவ்வளவு தாமதிக்கிறது என்று நீங்களே அளக்கலாம். போனின் ஸ்லோமோஷனை நொடிக்கு 240 சட்டம் என்று வைத்து, கன்ட்ரோலரைப் பிடித்த விரலும் திரையும் ஒரே சட்டத்தில் வருமாறு படமெடுங்கள். விரல் பொத்தானை அழுத்திய இடத்திலிருந்து திரையில் ஆள் அசையும் இடம்வரை சட்டங்களை எண்ணுங்கள். ஒன்றுக்கு நான்கு மில்லிநொடி சொச்சம். இதில் ஆட்டத்தின் சொந்தத் தாமதமும் கலந்திருக்கும். அதனால் கூடத்து டிவியிலும் ஒருமுறை எடுத்து (அம்மா தூங்கிய பிறகு) இரண்டையும் ஒப்பிட்டால்தான் கார்டின் பங்கு தெரியும்.

எல்லாம் சரியாகச் செருகிவிட்டேன், பிஎஸ்5 படம் மட்டும் கறுப்பாகவே இருக்கிறது.

எச்டிசிபி. திருட்டுப் பதிவைத் தடுக்க எச்டிஎம்ஐ வழியாகப் போகும் படத்துக்குப் போடப்படும் பூட்டு. பூட்டிய படத்தைக் கேப்சர் கார்டு காட்டாது. பிஎஸ்5-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், எச்டிஎம்ஐ என்று போய் 'எனேபிள் எச்டிசிபி'யை அணைத்துவிடுங்கள். பிஎஸ்4-ல் செட்டிங்ஸ், சிஸ்டம் பக்கத்திலேயே இருக்கும். கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு இதை எப்படி அணைப்பது? முடியாது. முதல்முறை ஒரு டிவியில் செருகித்தான் மாற்ற வேண்டும். கூடத்து டிவிக்கு ஐந்து நிமிடம் அனுமதி கேளுங்கள். போகிற போக்கில் எச்டிஆரையும் (வெளிச்சம், நிறத்தின் வீச்சைக் கூட்டும் முறை) அணைத்து, படத்தின் அளவை 1080பி என்று நிர்ணயித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நிறங்கள் சலவைக்குப் போட்ட சட்டைபோல வெளிறிவிடும்.

அணைத்த பிறகு நெட்ஃபிளிக்ஸ் போன்ற படச் செயலிகள் கன்சோலில் ஓடாது. லேப்டாப் கையில் இருக்கும்போது அதற்கு வருத்தப்பட என்ன இருக்கிறது? மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸும் நின்டென்டோவின் ஸ்விட்சும் ஆட்டங்களைப் பூட்டுவதில்லை, தொல்லையில்லை. பிஎஸ்3 மட்டும் எச்டிஎம்ஐயில் எப்போதும் பூட்டியே அனுப்பும், அணைக்க வழியில்லை. அதற்குக் காம்போனென்ட் என்ற பழைய அனலாக் வகைக் கேபிளும் அதை வாங்கும் கார்டும் வேண்டும்.

படம் வருகிறது, சத்தம் வரவில்லை.

ஓபிஎஸ் தானாகச் சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பாது. 'அட்வான்ஸ்ட் ஆடியோ புராப்பர்டீஸ்' திறந்து கார்டின் பக்கத்தில் 'மானிட்டர் ஒன்லி' என்று மாற்றுங்கள். எனக்குப் பிடித்த வழி வேறு: ஹெட்ஃபோனைக் கன்ட்ரோலரிலேயே செருகிவிடுவது. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் இரண்டிலும் அதற்குத் துளை உண்டு. சத்தம் கன்சோலிலிருந்து நேராக வரும். படத்தைவிட ஒரு இழை முன்னால் வரும் என்பது உண்மைதான். பக்கத்து அறையில் தூங்குபவர் எழுந்து வராமலிருப்பது அதைவிட முக்கியம்.

காசு செலவில்லாமல் ரிமோட் பிளேயில் ஆடினால்?

பிஎஸ்4, பிஎஸ்5 வைத்திருப்பவர்கள் எதையும் வாங்குவதற்கு முன் இதை முயன்று பாருங்கள். சோனியின் பிஎஸ் ரிமோட் பிளே விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். பிஎஸ்5-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் பிளே என்று போய் இயக்கிவிட்டு, லேப்டாப்பில் அதே கணக்கில் நுழைந்தால் போதும். கன்ட்ரோலரை லேப்டாப்பில் யுஎஸ்பி கேபிளால் செருகிக்கொள்ளலாம். எக்ஸ்பாக்ஸுக்கு விண்டோஸின் எக்ஸ்பாக்ஸ் செயலியிலேயே இந்த வசதி இருக்கிறது.

சோனி கேட்கும் இணைய வேகம் குறைந்தது 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்), பரிந்துரைப்பது 15. நம் ஊர் ஃபைபரில் அது கொசுறு. பிறகு ஏன் படம் கட்டம் கட்டமாக உடைகிறது? குற்றவாளி இன்டர்நெட் இல்லை, சுவர். 1990களின் இறுதிக்குப் பின் கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பாம் ஷெல்டர் என்ற குண்டு தடுப்பு அறை உண்டு அல்லவா? கம்பி போட்ட தடித்த கான்கிரீட், இரும்புக் கதவு. குண்டையே தடுக்கக் கட்டியது வைஃபையை விட்டுவிடுமா? ரௌட்டர் ஷெல்டருக்கு அந்தப் பக்கம், நீங்கள் இந்தப் பக்கம் என்றால் எந்தத் திட்டத்துக்கு மாறியும் பயனில்லை. ரௌட்டரை ஷெல்டருக்குள்ளேயே வைத்திருக்கும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன், பார்க்க அழகாக இருக்கிறதாம்.

கன்சோலை லேன் கேபிளால் ரௌட்டரில் இணைப்பது முதல் வைத்தியம். வைஃபையில் போக வேண்டிய இரண்டு கால்களில் ஒன்று அதோடு கழியும். லேப்டாப்பை வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வைப்பது இரண்டாவது. இரண்டையும் செய்த பிறகு எங்கள் வீட்டில் ரிமோட் பிளே பதினைந்து வெள்ளி டாங்கிளைவிட நன்றாகவே ஓடுகிறது. பிஎஸ்4 சாதாரண மாடலில் மட்டும் படம் 720பி-க்கு மேல் போகாது.

நின்டென்டோ ஸ்விட்ச்?

ரிமோட் பிளே கிடையாது, கேப்சர் கார்டு ஒன்றே வழி. ஸ்விட்சை டாக்கில் (டிவியோடு இணைக்கும் தாங்கி) வைத்து, டாக்குக்கு அதன் சொந்தச் சார்ஜரைக் கொடுத்து, டாக்கின் எச்டிஎம்ஐயிலிருந்து எடுக்க வேண்டும். மின்சாரம் போதாவிட்டால் டாக் படம் அனுப்பாது. ஸ்விட்ச் லைட்டில் வெளியே படம் அனுப்பும் வசதியே இல்லை, எந்த டாக் வாங்கினாலும்.

மகனுக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப்பில் செய்யலாமா?

ஒரு அக்கா மின்தூக்கியில் வைத்துக் கேட்டது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் கற்றல் சாதனங்களில் கல்வி அமைச்சின் கண்காணிப்பு மென்பொருள் இருக்கும். புதிய செயலிகளை நிறுவ அது பெரும்பாலும் விடாது. கேப்சர் கார்டு வெப்கேமரா வேஷத்தில் வருவதால் கேமரா செயலியில் படம் தெரிந்தாலும் தெரியலாம். ஆனால் அந்த மென்பொருளைச் சுற்றிப் போக வழி சொல்லுங்கள் என்று தம்பி வந்து கேட்டால் நான் சொல்வதில்லை, அவன் அம்மாவிடம் சொல்லிவிடுவேன்.

ஐபேடில் முடியுமா?

டைப்-சி உள்ள ஐபேடாக இருந்தால் முடியும். 2023-ல் வந்த ஐபேட்ஓஎஸ் 17 முதல் வெளிக் கேமராக்களை ஏற்பதால், கேப்சர் கார்டைச் செருகி அதற்கான செயலியில் பார்க்கலாம்.

பரணில் பழைய பிஎஸ்2 இருக்கிறது…

சிவப்பு, மஞ்சள், வெள்ளை வயருக்கென்று தனி யுஎஸ்பி கார்டுகள் சில வெள்ளிக்கே கிடைக்கின்றன. படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வந்தால், மென்பொருளில் பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்ற இரண்டு டிவி முறைகளில் தப்பானதைத் தேர்ந்திருக்கிறீர்கள். மாற்றிப் பாருங்கள்.

இவ்வளவு தலைவலிக்கு ஒரு மானிட்டரே வாங்கிவிட்டால்?

நான் பெரும்பாலோருக்குச் சொல்வது அதுதான். கேரோசெல் என்ற பழைய பொருள் விற்கும் தளத்தில் பழைய 24 அங்குல 1080பி மானிட்டர்கள் நல்ல கேப்சர் கார்டின் விலைக்கும் கீழே போகின்றன, வீடு மாறுபவர்கள் சும்மாவே கொடுப்பதும் உண்டு. தாமதம் இல்லை, பூட்டு இல்லை, மென்பொருள் இல்லை. எடுக்கப் போகும்போது கன்சோலையோ லேப்டாப்பையோ கொண்டுபோய் அங்கேயே செருகிப் பார்த்துவிடுங்கள். கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் 'லெமன் லா' என்ற குறைப்பொருள் சட்டம் துணைக்கு வரும், தனியாள் விற்றதற்கு அது வராது. ஸ்பீக்கர் இருக்கிறதா என்றும் கேளுங்கள், பாதி மானிட்டர்களில் இருக்காது.

லேப்டாப் வழி யாருக்கு? அறையில் இன்னொரு திரை வைக்க இடமில்லாதவர்களுக்கு, அடிக்கடி வீடு மாறுபவர்களுக்கு, ஆடுவதைப் பதிவு செய்ய விரும்புபவர்களுக்கு. கன்சோலோடு பயணம் செய்பவர்கள் டைப்-சி வைத்த மெல்லிய கையடக்க மானிட்டரையும் பார்க்கலாம்.

லேப்டாப் செத்துவிட்டது, திரை மட்டும் நன்றாக இருக்கிறது. அதையாவது மானிட்டராக்க முடியுமா?

முடியும், இந்தப் பக்கத்திலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது. திரையைக் கழற்றிப் பின்னால் ஒட்டியுள்ள பேனல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். லேப்டாப் மாடல் எண் உதவாது, ஒரே மாடலில் மூன்று கம்பெனிப் பேனல் இருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் அதற்கேற்ற கன்ட்ரோலர் போர்டு கிடைக்கும்: ஒரு பக்கம் எச்டிஎம்ஐ, மறு பக்கம் பேனலின் கேபிள், தனியாக ஒரு 12 வோல்ட் அடாப்டர். இணையத்தில் வாங்கலாம், சிம் லிம் டவரில் உதிரிப்பாகக் கடைகளில் விசாரிக்கலாம். இது உண்மையிலேயே லேப்டாப் திரைக்கு உள்வாசல் வைக்கும் வேலை, தாமதம் கிட்டத்தட்ட இல்லை.

ஆனால் பழைய பேனல் 1366 பெருக்கல் 768 என்றால் சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம். 1080பி ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத வகை) பேனலாக இருந்தால் மட்டும் இறங்குங்கள். திரையைப் பிரிக்கும்போது முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். அது உப்பியிருந்தால் குத்தவோ வளைக்கவோ கூடாது, வீட்டுக் குப்பைக் குழாயில் போடவே கூடாது. மிஞ்சிய லேப்டாப் உடலை மின்கழிவுத் தொட்டியில் சேர்த்துவிடுங்கள். திருகாணிகளை மட்டும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், போர்டைச் சட்டத்தில் மாட்டும்போது தேடுவீர்கள்.